நேர்ல போய் காணிக்கை கேக்கும்போது தொகை சொல்லிக் கேக்கலாமா?

பாளை_தம்பி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்க சேகரத்துல (சபை வட்டாரத்துல) பெண்பிள்ளைகள் ஹாஸ்டல் ஒண்ணு நடத்துறோம், கூரை ஓடெல்லாம் உடைஞ்சு மழைக்கு ஒழுகுது, கான்கிரீட் போடணும். ஆராதனையில அறிவிச்சாச்சு, கவர் குடுத்தாச்சு, நூறு இருநூறுக்கு மேல வரல. இனி வசதியுள்ள குடும்பங்கள நேர்ல பாத்து கேக்கணும்னு கமிட்டில என்னையும் இன்னொரு அண்ணனையும் அனுப்புறாங்க. தொகை சொல்லி கேட்டா தப்பா நெனப்பாங்களோன்னு கூச்சமா இருக்கு. ஜார்ஜ் முல்லர் இங்கிலாந்துல பிரிஸ்டல்ல அனாதைப் பிள்ளைகள வளத்தப்ப யார்ட்டயும் போய் நிக்கலியே, கர்த்தர்ட்ட மட்டும் தானே கேட்டாருன்னு வீட்லயும் சொல்லுறாங்க.

மார்த்தாண்டம்_அக்கா:
தம்பி, முல்லருக்கு கர்த்தர் காட்டுன வழி அது, எல்லாருக்கும் அதே வழின்னு வேதத்துல எங்கயும் இல்ல. நெகேமியா 2ம் அதிகாரம் வாசிங்க, இடிஞ்ச எருசலேம் மதில கட்டப் போறதுக்காக பெர்சியா ராஜா முன்னாடி நின்னவரு அவரு. என்ன வேணும்னு ராஜா கேட்டதும் மனசுல ஜெபம் பண்ணிட்டு, அதிபதிகளுக்கு கடிதம், கோட்டை வாசலுக்கு மரம், அலங்கத்துக்கு (மதிலுக்கு) மரம், தான் தங்கப்போற வீட்டுக்கு மரம்னு பிரிச்சு பிரிச்சு கேட்டாரு. ஜெபமும் பண்ணாரு, வாயத் திறந்தும் கேட்டாரு. நம்ம வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிய தொடங்குன ஐடா ஸ்கடர் அம்மாவ பாருங்க, டாக்டருக்கு படிச்சு முடிச்சு இந்தியா திரும்புறதுக்கு முன்னாடி பெண்கள் ஆஸ்பத்திரிக்கு 8,000 டாலர் வேணும்னு ஒரு அம்மா வீட்ல உக்காந்து பேசிட்டு இருந்தாங்க, பக்கத்து ரூம்ல இருந்த ஷெல்னு ஒரு பேங்க்கர் காதுல அது விழுந்து, இறந்துபோன தன் மனைவி பேர்ல 10,000 டாலர் குடுத்தாரு. 1902ல திறந்த ஷெல் ஆஸ்பத்திரி அதுதான், 40 படுக்கை. எதுக்கு, எவ்வளவுன்னு தெளிவா சொன்னாதான் காதுல வாங்குறவங்க மனசுல அது பதியும், நீங்க தைரியமா தொகைய சொல்லுங்க.

கணக்கு_அண்ணாச்சி:
போறதுக்கு முன்னாடி உங்க டிரஸ்ட்டுக்கு 80ஜி (காணிக்கை குடுக்குறவங்களுக்கு வருமான வரிவிலக்கு கிடைக்கிற பதிவு) இருக்கான்னு பாத்துக்கோங்க. இருந்தாலும் கேஷா 2,000 ரூபாய்க்கு மேல குடுத்தா வரிவிலக்கு கிடையாது, செக்காவோ ஆன்லைன்லயோ தான் வாங்கணும், புது வரி முறைல இருக்கவங்களுக்கு அதுவும் இல்ல. அதனால வரி மிச்சமாகும்னு ஆசை காட்டி கேக்காதீங்க. கல்ஃப்ல இருக்கவங்க இந்திய பாஸ்போர்ட்டோட இருந்தா அவங்க சம்பளப் பணத்த பேங்க் வழியா வாங்கலாம், அமெரிக்க சிட்டிசன் ஆனவங்க சொந்த ஊர்க்காரரா இருந்தாலும் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாம ஒரு ரூபா கூட வாங்கக் கூடாது.

கோவை_வியாபாரி:
எங்க வீட்டுக்கு மாசத்துக்கு ரெண்டு மூணு பேராவது கேட்டு வர்றாங்க, அதனால குடுக்குற பக்கத்துல இருந்து சொல்றேன். போன் பண்ணி, காணிக்கை விஷயமாத்தான் வர்றோம்னு முதல்லயே சொல்லிட்டு வாங்க. சும்மா பாக்க வந்தோம்னு உக்காந்து, ஜெபம் முடிஞ்சு ஆமென் சொன்ன கையோட ரசீது புக்க நீட்டுறது ரொம்ப வருத்தமா இருக்கு, அந்த ஜெபமே இதுக்குத்தானான்னு தோணிரும். எதிர்வீட்டுக்காரர் இவ்வளவு குடுத்தார்னு சொல்லவே சொல்லாதீங்க. காணிக்கை குடுக்குறத பத்தி, விசனமாயுமல்ல (வருத்தத்தோட இல்ல), கட்டாயமாயுமல்லன்னு வேதத்துல பவுல் எழுதுனது கேக்குறவங்களுக்கும் தானே. இன்ஜினியர் எஸ்டிமேட்ட கையில கொண்டு வாங்க, தொகைய சொன்னதும் பேச்ச நிறுத்திருங்க, அவங்க வீட்ல கலந்து பேச டைம் குடுங்க. வேலை முடிஞ்சதும் ஒருதடவ வந்து கணக்க காட்டுங்க, பெரும்பாலும் யாரும் திரும்பி வர்றதே இல்ல.

பாளை_தம்பி:
ரொம்ப நன்றிண்ணே, நன்றிக்கா. இப்ப முடியாதுன்னு சொன்னா என்ன பண்ண?

கோவை_வியாபாரி:
சரிங்கன்னு சொல்லி அவங்க குடும்பத்துக்காக ஜெபிச்சுட்டு வாங்க தம்பி. சிமெண்ட், கம்பி விக்கிற யாரையாவது தெரியுமான்னு மட்டும் கேட்டுப் பாருங்க, பணமா குடுக்க முடியாதவங்க பொருளா வாங்கித் தருவாங்க.