போற வீட்டில் சீலிங்கை அண்ணாந்து பாருங்கள்

பதின்மூன்று வருசம் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்துவிட்டு, அம்மாவைப் பார்க்க வந்து இப்போது மட்டக்களப்பு, கல்லடியில் நிற்கிறேன். வந்த இரண்டு மாதத்துக்குள் எங்கள் ஒழுங்கையில் இருந்து மட்டும் மூன்று பேர் கனடாவுக்கு ஏறிவிட்டார்கள். ஒருவன் படிக்க, ஒருத்தி கல்யாணம் கட்டி, இன்னொருவர் விசிற் விசாவில். களுவாஞ்சிக்குடி, காரைதீவு, அக்கரைப்பற்று என்று தெரிந்த பக்கமெல்லாம் இதே கதைதான். படிக்கப் போன தம்பி மிளகாய்த்தூளையும் கருவாட்டையும் பெட்டிக்குள் அடைத்துக்கொண்டே கேட்டான்: "அண்ணா, போய் இறங்கினதும் முதல் என்ன செய்யவேணும்?" வேலைக்கு வேண்டிய சின் நம்பர் எடு, வங்கிக் கணக்குத் திற என்று ஏற்கெனவே இருபது பேர் அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். நான் சொன்னேன்: "போற வீட்டில சீலிங்கை அண்ணாந்து பார்."

அவன் சிரித்தான். சிரிப்பவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஊரில் ஆபத்து வந்தால் ஊரே சத்தம் போடும். வெள்ளம் ஏறினால் பக்கத்து வீட்டு மாமா வேலிக்கு மேலால் கூப்பிடுவார். கோயில் மணி, சேர்ச் மணி, பள்ளிவாசல் ஒலிபெருக்கி, ஏதாவது ஒன்று சொல்லிவிடும். அங்கே வீட்டுக்குக் கீழ்த்தட்டான பேஸ்மென்டில் நீங்கள் படுத்திருக்கும்போது மேல்வீட்டில் இருப்பவருக்கு உங்கள் பெயரே தெரியாமல் இருக்கலாம். தீப்பிடித்தால் உங்களை எழுப்பப்போவது சீலிங்கில் ஒட்டியிருக்கும் வெள்ளை வட்டப் பெட்டி ஒன்றுதான். புகை அலாரம்.

2012 கடைசியில் நான் போனபோது நாலு பெடியன்கள் சேர்ந்து ஒரு பேஸ்மென்டில் இருந்தோம். பாரை மீன் பொரித்தால் அலாரம் கத்தும். கடுகு தாளித்தாலும் கத்தும். ஒருநாள் எங்களில் ஒருவன் கதிரையில் ஏறி பற்றரியைக் கழற்றி, சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தான். மூன்று மாதம் அது அங்கேயே கிடந்தது. பிறகு ஒரு இரவு, வேலை முடிந்து வந்தவன் அப்பளம் பொரிக்க எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு, அப்படியே கதிரையில் கண்ணயர்ந்துவிட்டான். எனக்கு முழிப்பு வந்தது இருமலால். குசினியில் சட்டி எரிகிறது, பக்கத்தில் ஒருவன் வாளியில் தண்ணீரோடு நிற்கிறான். கொதிக்கிற எண்ணெயில் தண்ணீரை ஊற்றினால் நெருப்பு சீலிங் வரைக்கும் பாயும். அவனைத் தள்ளிவிட்டு அடுப்பை நிறுத்தி, பெரிய மூடியால் சட்டியை மூடினோம். அணைந்துவிட்டது. சீலிங்கில் கறுப்பு வட்டம் ஒன்று, அதற்கு நேரே ஒன்றும் தெரியாததுபோல் பற்றரி இல்லாத அலாரம்.

ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணச் சட்டப்படி வீட்டின் ஒவ்வொரு தட்டிலும், படுக்கும் அறைகளுக்கு வெளியேயும் வேலை செய்யும் புகை அலாரம் இருக்கவேண்டும். பூட்டித் தருவதும் பராமரிப்பதும் வீட்டுக்காரரின் பொறுப்பு. பற்றரியைக் கழற்றினால் குற்றம் உங்கள் தலையில். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் செய்த ஆண்டு இருக்கும்; 10 வருசம் தாண்டியிருந்தால் புதிதாகக் கேளுங்கள். மாதம் ஒருதரம் பட்டனை அமத்திப் பாருங்கள். பொரிக்கும்போதும் சாம்பிராணி போடும்போதும் ஜன்னலைத் திறந்து, அடுப்புக்கு மேலே உள்ள காற்றாடியைப் போட்டால் முக்கால்வாசி நேரம் கத்தாது. கத்தினால் ஒரு துவாயை விசிறுங்கள். அவ்வளவுதான்.

பேஸ்மென்ட் பார்க்கப் போகும்போது வாடகையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். நெருப்பு படிக்கட்டில் வந்தால் வேறு எதால் வெளியே போவேன் என்று அந்த அறைக்குள் நின்றே யோசியுங்கள். ஜன்னல் திறக்குமா, உடம்பு நுழையுமா என்று திறந்தே பாருங்கள். வீட்டுக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

அடுத்தது காபன் மொனொக்சைட். பள்ளிக்கூடத்தில் காபனோரொட்சைட்டு என்று பாடமாக்கினோமே, அதேதான். மணம் இல்லை, நிறம் இல்லை. காஸில் ஓடும் சூடாக்கி பழுதானாலோ, கராஜுக்குள் காரை ஓடவிட்டாலோ வீட்டுக்குள் சேரும். தலையிடி, சத்தி, மயக்கம். காய்ச்சல் குணம் என்று நினைத்துப் படுத்துவிடுவோம். வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலையிடித்து, வெளியே போனால் சுகமாக இருந்தால் திரும்பி உள்ளே போகாமல் 911 என்ற அவசர இலக்கத்துக்கு எடுங்கள். இதற்கும் தனி அலாரம் உண்டு. 2013 டிசம்பர் 21, 22இல் உறைமழை பெய்து மரங்கள் முறிந்து, ரொறன்ரோவில் மட்டும் ஏறக்குறைய 3 இலட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் இல்லாமல் போனது. நத்தார் அன்றும் பலர் இருட்டில் இருந்தார்கள். குளிர் தாங்காமல் வீட்டுக்குள் கரி அடுப்பு மூட்டியவர்கள், கராஜில் ஜெனரேட்டர் ஓட்டியவர்கள் இந்த வாயுவில் மாட்டினார்கள், உயிர்களும் போயின. ஊரில் கரண்ட் போனால் விறகு அடுப்பை மூட்டுவது நமக்குக் கைவந்த வேலை. ஆனால் நம்முடைய குசினியில் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே காற்று ஓடுகிறது. அங்கே வீட்டை டப்பா மாதிரி அடைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

மேலே உள்ளதை நேற்றுப் போட்டேன், இதை இன்று சேர்க்கிறேன். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், பிரம்டனில் இருக்கும் தங்கச்சி ஒருத்தி கேட்டிருக்கிறாள்: "அண்ணா, இங்கிலிஷ் சரியா வராது. 911க்கு எடுத்தா என்னத்த கதைக்கிற?"

நல்ல கேள்வி. ஊரில் அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119, இடர் முகாமைத்துவ நிலையத்துக்கு 117 என்று தனித்தனியாக இருக்கிறது. அங்கே பொலிஸ், தீயணைப்பு, அம்புலன்ஸ் மூன்றுக்கும் 911 ஒன்றுதான். முதலில் முகவரியைச் சொல்லுங்கள், அதுவும் மேல்வீடா பேஸ்மென்டா, எந்தப் பக்க வாசல் என்று. மாடிக் கட்டடம் என்றால் வீட்டு இலக்கமும் வாசல் திறக்கும் குறியீடும். லைன் அறுந்தாலும் வருவதற்கு அவர்களுக்கு ஒரு இடம் தெரிந்திருக்கும். பிறகு "டமில்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை லைனில் எடுப்பார்கள். ழகரம் சுத்தமாகத் "தமிழ்" என்று சொன்னால் அவர்களுக்கு விளங்காது. அதற்காக ஒருநாளும் கோபிக்காதீர்கள், அந்த நேரத்தில் மொழிப்பற்று வேண்டாம். கைதவறி எடுபட்டால் வைத்துவிடாமல் "தவறுதலாக எடுத்துவிட்டேன்" என்று சொல்லுங்கள். வைத்தால் திரும்ப எடுப்பார்கள், ஆளும் வரலாம். முகவரியை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிஜ்ஜில் ஒட்டிவையுங்கள். நடுக்கத்தில் சொந்த வீட்டு இலக்கமே மறந்துபோகும்.

அம்புலன்ஸ் அங்கே முழு இலவசம் இல்லை. ஒன்ராறியோவில் சுகாதார அட்டை உள்ளவர்களுக்கு 45 டொலர், இல்லாதவர்களுக்கு 240 டொலர் கட்டணம் வரும். இதைக் கேள்விப்பட்டு நெஞ்சு நோவோடு வாடகைக் காரில் போனவரை எனக்குத் தெரியும். காசைப் பிறகு பார்க்கலாம். சும்மா காய்ச்சல், பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால் 811; எந்த நேரமும் நேர்ஸ் ஒருவர் கதைப்பார், காசு இல்லை. வீடு, சாப்பாடு, சட்ட உதவி எங்கே கிடைக்கும் என்று கேட்க 211. இரண்டிலும் தமிழில் கதைக்க ஆளைக் கேட்கலாம்.

இனி, பை. ஊரில் எங்கள் எல்லார் வீட்டிலும் ஒரு பை இருந்தது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி எல்லாவற்றையும் சொப்பிங் பைக்குள் சுற்றி, கதவுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருப்போம். 1978 நவம்பர் சூறாவளியில் ஓடும்போது உறுதி நனைந்துபோன கதையைப் பாட்டி, எங்கள் பெத்தா, சாகும்வரை சொன்னார். பிறகு இடம்பெயர்வுகள், 2004 சுனாமி, 2011 ஜனவரி வெள்ளம். கனடாவுக்குப் போனதும் நாம் விட்டுவிடுகிற முதல் பழக்கம் அந்தப் பைதான். இனி எங்கே ஓடப்போகிறோம் என்ற நினைப்பு.

2020 ஜனவரி 12, ஞாயிறு காலை ஏழரை மணிபோல எல்லார் போனும் ஒன்றாக அலறியது. பிக்கரிங் அணுமின் நிலையத்தில் ஏதோ சம்பவம் என்று ஒன்ராறியோ முழுவதற்கும் எச்சரிக்கை. நான் போனைப் பிடித்துக்கொண்டு, இது உண்மையா என்று வட்ஸ்அப்பில் நாலு பேரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஊர் பாண்டிருப்பு, சுனாமியில் தப்பியவர். பத்து நிமிசத்தில் பிள்ளைகளுக்குச் சப்பாத்துப் போட்டு, பையோடு வாசலில் நின்றார். கார் ஓடிக்கொண்டிருந்தது. அந்த எச்சரிக்கை தவறுதலாகப் போனது என்று போனுக்கு மறுசெய்தி வர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது. 2004இல் சுமத்திராவில் நிலம் அதிர்ந்து கடல் நம்முடைய கரைக்கு வரவும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான் எடுத்தது. அன்றைக்கு யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. அதனால்தான் அக்காவைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, நான் உட்பட.

ஆகவே போன் அப்படி அலறினால் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படுக்காமல் வாசியுங்கள். சிலவேளை அது பரிசோதனை என்றிருக்கும், சிலவேளை காணாமல் போன பிள்ளை, சிலவேளை சுழல்காற்று. பிக்கரிங் நிலையத்திலிருந்து 50 கிலோமீற்றருக்குள் இருப்பவர்கள், அணுக்கசிவு நேரத்தில் விழுங்கும் பொட்டாசியம் அயோடைட் மாத்திரையை இலவசமாக எடுத்துவைக்கலாம். ஸ்காபரோ, ஏஜாக்ஸ், மார்க்கம் எல்லாம் அதற்குள் அடங்கும். அரசாங்கம் விழுங்கச் சொன்னால் மட்டும் விழுங்குவது. பையில் கடவுச்சீட்டு, குடிவரவுக் கடிதங்கள், சுகாதார அட்டை இவற்றின் பிரதிகள், குடிக்கும் மருந்துகளின் பெயர், கொஞ்சம் சில்லறைக் காசு, டோர்ச், போனுக்குச் சார்ஜ் ஏற்றும் பற்றரி. தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 2 லீற்றர் வீதம் மூன்று நாளுக்கு. மீன் ரின் வைத்தால் அதைத் திறக்கிற கருவியையும் வையுங்கள். 2013இல் எங்களிடம் எட்டு ரின் இருந்தது, திறக்க ஒன்றுமில்லை. கத்தியால் குத்தி ஒருவன் விரலை வெட்டிக்கொண்டான்.

தண்ணீரைப் பற்றி ஒன்று. நாங்கள் வாவியில் விழுந்து எழும்பி வளர்ந்தவர்கள், கல்லடிப் பாலத்தில் இருந்து குதித்தவர்கள். அந்தக் கெப்பரை விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள். ஒன்ராறியோ ஏரி வெயில் எறிக்கும் ஜூன் மாதத்திலும் ஐஸ் மாதிரி இருக்கும் நாட்கள் உண்டு. சடாரென்று குதித்தால் மூச்சு இழுபட்டு, முதல் நிமிசத்திலேயே தண்ணீர் உள்ளே போகும். நீந்தத் தெரிந்தவன்தான் குதிப்பான், அவன்தான் போவான். தோணியில் ஏறினால் மிதவை அங்கியைப் போடுங்கள். குளிர்காலத்தில் குளம் உறைந்து கிடக்கும்போது போட்டோ எடுக்க மேலே நடக்காதீர்கள்.

கடைசியாக, ஊரில் இருக்கும் பெற்றோருக்கும் சேர்த்து. மூன்று கிழமைக்கு முன் ஒரு மத்தியானம் அம்மாவின் போன் அடித்தது. நான் பின் விறாந்தையில் சோறு தின்றுகொண்டிருக்கிறேன். அம்மா போனைக் காதில் வைத்தபடியே வந்து என்னைப் பார்த்து, "மனே, ஒன்னக் கனடாவுல பொலிஸ் புடிச்சிட்டாம்" என்றார். மகன் காரால் ஒருவரை இடித்துவிட்டான், பிணை எடுக்க உடனே காசு போடவேண்டும், யாருக்கும் சொல்லக்கூடாது. என் பெயர் சரி, நான் இருக்கும் இடம் சரி. கையில் சோற்றோடு சிரித்தேன். பிறகுதான் யோசித்தேன்: நான் ஸ்காபரோவில் நித்திரையாக இருந்திருந்தால், அம்மா பின்னேரத்துக்குள் காப்பை அடகு வைத்திருப்பார். இப்போதெல்லாம் நம்முடைய குரலையே செய்துவிடுகிறார்கள். அதனால் எங்கள் வீட்டில் ஒரு கேள்வி வைத்திருக்கிறோம், பதில் வீட்டாருக்கு மட்டும்தான் தெரியும். இன்றைக்கே உங்கள் வீட்டிலும் ஒன்றை வையுங்கள்.

அங்கே உங்களுக்கும் இதேபோல அழைப்பு வரும். வரி அலுவலகம், குடிவரவு என்று வெருட்டுவார்கள், பரிசு அட்டை வாங்கி நம்பரைச் சொல் என்பார்கள். எந்த அரச அலுவலகமும் அப்படிக் காசு கேட்பதில்லை. வைத்துவிடுங்கள். வீடு பார்க்காமல் முற்பணம் போடாதீர்கள், கேட்பவர் நம்ம ஊர் ஆளாக இருந்தாலும். ஒன்ராறியோவில் முதல் மாத வாடகையோடு கடைசி மாத வாடகையை முற்பணமாகக் கேட்கலாம். உடைவுக்கு என்று தனியாகக் கேட்க முடியாது.

இன்று காலை, படிக்கப் போன தம்பி ஒரு படம் அனுப்பியிருக்கிறான். சீலிங்கில் ஒரு வெள்ளை வட்டத் தழும்பு, நடுவில் இரண்டு ஆணி ஓட்டை. அலாரம் இல்லை. வீட்டுக்காரருக்கு எழுத்தில் அனுப்பச் சொன்னேன், திகதியோடு, படத்தோடு, பணிவாக. பதில் வரும்வரை காத்திருக்காமல் கடையில் பற்றரியில் ஓடுகிற ஒன்றை வாங்கி இன்றிரவே பூட்டச் சொன்னேன். பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளவும் சொன்னேன். சனிக்கிழமைக்குள் வீட்டுக்காரர் ஒன்றும் செய்யாவிட்டால் ரொறன்ரோ நகரசபைக்கு, 311க்கு எடுப்பான். "பூட்டிட்டன் அண்ணா, ஆனா மீன் பொரிக்கப் பயமாக் கிடக்கு" என்று இப்போதுதான் எழுதினான். ஜன்னலைத் திறக்கச் சொல்லியிருக்கிறேன்.