கலோவின் கட்டைவிரல்: கொஞ்சம் ஆதாரம் கிடைக்குமா?

செம்புத்தகடு:
நேற்று ஒருவர் இங்கே அளந்திருந்தார். 1633-ல் லொரேன் நாட்டுத் தலைநகர் நான்சியைப் பிடித்த பிரெஞ்சு அரசர் பதின்மூன்றாம் லூயி, அந்த முற்றுகையைப் படமாகச் செய்துதரச் சொன்னாராம். “அதைவிடக் கட்டைவிரலையே வெட்டிக்கொள்வேன்” என்றாராம் செம்புத்தகட்டு அச்சோவியர் ஜாக் கலோ. ஆகவே அவர் போர் எதிர்ப்புக் கலைஞராம். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அதே லூயிக்கு, பிரெஞ்சுத் துறைமுகம் லா ரொஷேலின் முற்றுகையைச் செய்து கொடுத்தவர் யார்? ஸ்பெயின் தரப்புக்காக நெதர்லாந்தின் பிரெடா நகர முற்றுகையை 6 தகடுகளில் செய்தவர் யார்? அப்போதெல்லாம் விரல் எங்கே போயிருந்தது?

கருமை:
அந்த ‘ஒருவர்’ நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம். நான்சி அவர் பிறந்த ஊர் சார். சொந்த ஊர் விழுந்ததைக் கொண்டாடு என்றால் எவனுக்கும் ரத்தம் கொதிக்கும். அவருடைய ‘போரின் பெருந்துயரங்கள்’ தொகுப்பின் 18 படங்களும் அதே 1633-ல்தான் வந்தன. சிப்பாய்கள் பண்ணை வீட்டில் புகுந்து சூறையாடும் படத்தைப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

செம்புத்தகடு:
பார்த்தாயிற்று. அதே தொகுப்பில் மரத்தில் கொத்தாகத் தொங்குகிறார்களே, அவர்களை அப்பாவிகள் என்று நினைத்தீர்களாக்கும்? கீழே உள்ள செய்யுளே திருடர்கள் என்கிறது. ஏணியில் நின்று பாதிரியார் சிலுவையை நீட்டுகிறார். மரத்தடியில் இரண்டு பேர் முரசின் மேல் பகடை உருட்டுகிறார்கள். கொள்ளையடித்த சிப்பாய்க்குத் தூக்கு, கடைசிப் படத்தில் ஒழுங்கான சிப்பாய்க்கு அரசர் கையால் பரிசு. இதுவா போர் எதிர்ப்பு? விரல் கதையை எழுதிய பிரெஞ்சுக் கலை எழுத்தாளர் ஃபெலிபியன், கலோ 1635-ல் செத்துப் பல வருடம் கழித்து எழுதியவர்.

வயல்வரப்பு:
கலோவின் ‘இம்ப்ருனேட்டா சந்தை’ படத்தை, இத்தாலியக் கிராமத்துச் சந்தையை, யாராவது பேசுங்களேன். 1620-ல் செய்தது. ஒரே தகட்டில் ஆயிரம் உருவங்களுக்கு மேல்! என்னைக் கேட்டால் அந்தக் கிராமத்துச் சந்தைதான் கலோ.

கருமை:
வரப்பு, பொறுங்கள். 17-வது படத்தில் விவசாயிகள் சிப்பாய்களைப் போட்டுச் சாத்துகிறார்களே, அதுவும் ராணுவ ஒழுக்கமா?

செம்புத்தகடு:
நான் கேட்டது விரலுக்கு ஆதாரம். 17-வது படத்தை யார் கேட்டது? கட்டைவிரல் என்றாலே ஏகலைவன் நினைப்பு வந்து நம்மாட்கள் கண் கலங்கிவிடுகிறார்கள். போன மாதம் இதே ஆசாமிதான் கலோ மரக்கட்டையில் செதுக்கினார் என்று எழுதினார். செம்பை அமிலம் அரித்த கோடு ஐயா அது! லூட் வாத்தியம் செய்கிறவர்களின் கெட்டி வார்னிஷைத் தகட்டில் பூசியதால் கிடைத்த கூர்மை.

கருமை:
மரக்கட்டை என்று நான் எழுதவே இல்லை. எடுத்துப் போடுங்கள் பார்ப்போம்.

செம்புத்தகடு:
அழித்துவிட்டு ஆதாரம் கேட்கிறார், பலே!

வயல்வரப்பு:
சந்தை...

செம்புத்தகடு:
முதலில் விரல்.