சிங்களத்துக் குயில் எங்கட பெட்டைதான்

அன்பான ஊர் உறவுகளுக்கு,

நம் ஊர் ஆண்டு மலருக்கான பெயர்ப் பட்டியலைப் பார்த்தேன். புலவர்கள், வாத்திமார், தவில் வித்துவான்கள், இரண்டு டாக்குத்தர்மார். எல்லாரும் தகுதியான ஆட்கள்தான். ஆனால் கலைஞர் பகுதிக்கு யாழ்ப்பாணம் முழுவதையும் சேர்க்கலாம் என்று தீர்மானித்த பிறகும் பழைய சினிமா நடிகை கே. தவமணி தேவியின் பெயர் ஒரு மூலையிலும் இல்லை. குழுவில் கேட்டால் பாதிப் பேருக்கு ஆளையே தெரியாது. தெரிந்த மற்றப் பாதி, "உது சரிவராது தம்பி" என்கிறது.

ஏன் சரிவராது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சின்ன வயதில் பெரிய மாமி வீட்டு விறாந்தையில் சினிமாப் பேச்சு நடக்கும்போது இந்தப் பெயர் வந்தால் மாமியின் குரல் இறங்கிவிடும். "எங்கட யாழ்ப்பாணத்துப் பெட்டைதான். வடிவெண்டால் அப்பிடி ஒரு வடிவு" என்று தொடங்குவார். அதற்குள் மாமா செருமுவார். கதை மாம்பழ விலைக்குப் போய்விடும்.

அந்தச் செருமலுக்குக் காரணம் ஒரு நீச்சல் உடைப் படம். சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த முதல் படம் 'சதி அகல்யா', 1937இல் வந்தது. இயக்கியவர் டி. ஆர். சுந்தரம். அகலிகையாக நடித்தவர் நம்முடைய தவமணி தேவி. புராணக் கதை, முனிவர் மனைவி வேடம். ஆனால் விளம்பரத்துக்கென்று வெளிவந்த படங்களில் அம்மணி நீச்சல் உடையில் நிற்கிறார். சென்னைப் பட்டணமே திடுக்கிட்டதென்றால் யாழ்ப்பாணத்தைச் சொல்லவா வேண்டும்? நல்லூர்க் கோயிலில் நடந்த சதுர்க்கச்சேரி என்ற தாசியாட்டத்தையே ஆறுமுக நாவலர் கண்டித்து எழுதிய மண் இது. பெண் வேடத்துக்கும் ஆம்பிளை சேலை கட்டிக்கொண்டு மேடையேறிய காலம்.

தமிழ்ப் பேசும்படம் தொடங்கி அப்போது ஆறு வருடம்தான். 1931இல் வந்த 'காளிதாஸ்' படத்தில் டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். சனம் அதையும் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தது. குரல் கேட்டாலே போதும் என்ற காலம். பின்னணிப் பாட்டு இன்னும் வேரூன்றவில்லை. நடிக்கிறவரே படப்பிடிப்பில் நின்று பாட வேண்டும். வாத்தியக்காரர் கமெராவுக்குத் தெரியாமல் மரத்துக்குப் பின்னாலோ திரைக்குப் பின்னாலோ இருந்து வாசிப்பார்கள். பாட்டு நடுவில் பிசகினால் திரும்ப முதலிலிருந்து. ஆகவே முகவெட்டு மட்டும் இருந்து பாட வராதவருக்கு வேலை கிடைப்பது கஷ்டம். தவமணி தேவி பாடவும் ஆடவும் தெரிந்தவர். இதை மறந்துவிட்டு உடையைப் பற்றி மட்டும் கதைப்பது நம் ஆட்களின் வழக்கம்.

தமிழ்நாட்டில் அவருக்கு வைத்த பட்டம் 'சிங்களத்துக் குயில்'. சிரிப்பதா அழுவதா? அங்கே அப்போது இலங்கை என்றாலே சிங்களம்தான். யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண் கடல் தாண்டிப் போய்ச் சிங்களத்துக் குயிலாகிவிட்டார். இங்கேயோ அவரை எங்கட ஆள் என்று வாய்விட்டுச் சொல்ல ஆளில்லை.

1940இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சகுந்தலை'. எம். எஸ். சுப்புலட்சுமி சகுந்தலை, ஜி. என். பாலசுப்பிரமணியம் துஷ்யந்தன். கச்சேரி மேடையின் இரண்டு சிகரங்கள். அதில் விசுவாமித்திரரின் தவத்தைக் கலைக்கிற மேனகை யார் என்றால், தவமணி தேவி. யோசித்துப் பாருங்கள், எம். எஸ்ஸுக்குத் தாய் வேடம் எங்கட ஆளுக்கு!

அடுத்த வருடம் 'வனமோகினி'. ஹொலிவுட்டில் டொரதி லமூர் சாரம் மாதிரி ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு காட்டுப் பெண்ணாக நடித்துப் பெயரெடுத்திருந்தார். அதே பாணியில் தவமணி தேவி காட்டில் திரிகிறார். கதாநாயகன் எம். கே. ராதா. கூடவே சந்துரு என்றொரு யானை. தன் உடைகளைத் தானே யோசித்து வடிவமைப்பார் என்றும் சொல்வார்கள். யாரோ உடுத்திவிட்ட பொம்மை இல்லை, தனக்கு எது எடுக்கும் என்று தெரிந்து செய்த பெண். என் மனதில் அவருக்கு மரியாதை கூடியது இந்த ஒரு விஷயத்தால்தான்.

பிறகு 1946இல் 'வித்யாபதி', 1947இல் ஜுபிடரின் 'ராஜகுமாரி'. இரண்டாவது படத்தை எம்ஜிஆருக்காக எல்லாருக்கும் தெரியும். பத்து வருடத்துக்கு மேல் சின்னச் சின்ன வேடம் கட்டியவருக்கு முதல் முறையாகக் கதாநாயகன் வேடம். கதாநாயகி மாலதி. கதாநாயகனை மயக்கப் பார்க்கிற ராணியாகத் தவமணி தேவி. கண்டியில் பிறந்த எம்ஜிஆரும் யாழ்ப்பாணத்துத் தவமணி தேவியும் கோயம்புத்தூர்ப் படக்கொம்பனி ஒன்றின் படத்தில் எதிரெதிரே நிற்கிறார்கள். அவருக்கு நம் ஊரில் ரசிகர் மன்றம் இருந்தது, தெரியும்தானே. இவருக்கு மாமாவின் செருமல்.

அதோடு அவருடைய திரை வாழ்க்கை ஏறக்குறைய முடிந்தது. பத்தே வருடம். 1962இல் ராமேஸ்வரத்தைச் சேர்ந்த கோடிலிங்க சாஸ்திரியைக் கலியாணம் செய்துகொண்டு அங்கேயே இருந்துவிட்டார்.

அந்த ஊரை வாசித்தபோதுதான் எனக்கு நெஞ்சு ஒரு கணம் நின்றது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீற்றர் அளவுதான். ஒரு காலத்தில் நம் பெரியவர்கள் படம் பார்க்கவும் கோயில் கும்பிடவும் கப்பலேறிப் போன வழி. 1964 மார்கழிப் புயல் தனுஷ்கோடியைத் தின்றபோது தவமணி தேவிக்குக் கலியாணமாகி இரண்டு வருடம். 1983 கலவரத்துக்குப் பிறகு நம் சனம் படகில் வந்து இறங்கியதும் அந்தக் கரையில்தான்.

நானும் இறங்கினேன். 1990இல், மன்னார்ப் பேசாலைப் பக்கமிருந்து இரவுப் படகில். மண்டபம் அகதி முகாமுக்குக் கொண்டுபோக முதல் ராமேஸ்வரத்தில் ஒரு பகல் முழுக்கக் குந்தியிருந்தோம். என்னோடு வந்த கிழவர் ஒருவர், நனைந்த சாரத்தைப் பிழிந்துகொண்டே, "இஞ்ச எங்கட ஆக்கள் ஆரும் இல்லையோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். இருந்தார் ஐயா, ஒருவர் இருந்தார். அதே ஊரில்தான் இருந்தார். 2001 பெப்ரவரி 10ஆம் திகதி அங்கேயே காலமானார். நான் அறிந்தது பல வருடம் கழித்து, கனடாவில் ஸ்காபரோவில் ஒரு பழைய பத்திரிகையைப் புரட்டும்போது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மலரில் ஒரு பக்கம் போதும். எழுதித் தர நான் தயார். நீச்சல் உடைப் படம் வேண்டாமென்றால் மேனகை வேடத்துப் படத்தைப் போடுவோம், அதற்காகச் சண்டை பிடிக்க மாட்டேன். யாழ்ப்பாணத்து வின்சர் தியேட்டரிலோ வேறெங்கேயோ அவருடைய படத்தைப் பார்த்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், இந்தக் கிழமையே உட்கார்த்திக் கேட்டு, தொலைபேசியில் பதிந்து அனுப்புங்கள். பெரிய மாமிக்கு எண்பத்தொன்பது வயது. போன ஞாயிறு எடுத்து, "தவமணி தேவியை ஞாபகமோ மாமி?" என்று கேட்டேன். சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, "மாமா பக்கத்தில இல்லைத்தானே?" என்றார். மாமா போய்ப் பன்னிரண்டு வருடம்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து