பேஷண்ட் வந்தார், சர்ஜரி நடக்கவில்லை: இசட்53.09 முதலில் போட்டது தப்பா? (அவசரம்)

நைட்ஷிஃப்ட்_நந்து – மாலை 5.12
வணக்கம். பேஷண்ட் வந்தார், ட்ரீட்மெண்ட் நடக்கவில்லை, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அமெரிக்க சார்ட்டுக்கு மெடிக்கல் கோடிங் செய்கிறேன்; அதில் இசட்53.09-ஐ (கான்ட்ராஇண்டிகேஷனால், அதாவது செய்யக்கூடாத உடல்நிலையால், ட்ரீட்மெண்ட் நடக்கவில்லை என்ற கோடு) முதலில் போட்டேன். ஆடிட்டர் எரர் போட்டுவிட்டார். 'சீக்வென்சிங், மாடிஃபையர்' (டயக்னோசிஸ் கோடுகளின் வரிசை, ப்ரொசீஜர் கோடோடு ஒட்டும் இரண்டு இலக்கம்) என்று இரண்டே சொல், வேறு விளக்கம் இல்லை. இந்த மாதம் அக்யூரசி ஏற்கெனவே 95 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கிறது, இதுவும் போனால் இன்சென்டிவ் போச்சு. ராத்திரி 9 மணிக்குள் ரீபட்டல் (மறுப்பு) அனுப்ப வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

மலைக்கோட்டை_சிபிசி – 5.20
இடி (எமர்ஜென்சி) சார்ட்டா, சேம் டே சர்ஜரியா? ஃபெசிலிட்டியா (ஆஸ்பத்திரி பில்), ப்ரோ-ஃபீயா (டாக்டர் பில்)? என்ன சர்ஜரி, ஏன் கேன்சல், யார் கேன்சல் செய்தது? மயக்க மருந்து கொடுத்தார்களா? எந்த மாடிஃபையர் போட்டீர்கள்? 'ட்ரீட்மெண்ட் நடக்கவில்லை' என்றால் அதற்கு ஒரு டஜன் கோடு இருக்கிறது தம்பி.

இடி_கோடர்_கோவை – 5.24
இதற்கு எதற்கு இவ்வளவு கேள்வி? இசட்53.21. நான் தினமும் பத்து சார்ட் போடுகிறேன். பேஷண்ட் வருவார், ட்ரையாஜில் உட்காருவார், இரண்டு மணி நேரம் பார்ப்பார், எழுந்து போய்விடுவார். சீஃப் கம்ப்ளெய்ண்ட் ஒரு கோடு, கூட 53.21. முடிந்தது.

மலைக்கோட்டை_சிபிசி – 5.27
அது டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் பேஷண்டே கிளம்பிப் போனால். இங்கே 'அனுப்பிவிட்டார்கள்' என்று எழுதியிருக்கிறார். டாக்டர் பார்த்த பிறகு பேஷண்ட் வேண்டாம் என்று போனால் அதுவும் 53.21 இல்லை, 53.29.

வி64_அண்ணாச்சி – 5.41
நாங்கள் ஐசிடி-9-இல் (பழைய டயக்னோசிஸ் கோடு புத்தகம்) இதற்கே வி64.1 போட்டுக்கொண்டிருந்தபோது இந்தக் கேள்வியெல்லாம் வராது. புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் சார்ட்டையே திறப்போம். தம்பி, அஃபிஷியல் கைட்லைன் ஓசியில்தான் கிடைக்கிறது. நான்காவது செக்‌ஷன், அவுட்பேஷண்ட் சர்ஜரி, ஒரே ஒரு வாக்கியம். அதைப் படிக்காமல் இங்கே வந்து இழை போடுகிறீர்கள். முதலில் முழு விவரம் சொல்லுங்கள், அப்புறம் பார்க்கலாம்.

நைட்ஷிஃப்ட்_நந்து – 5.58
மன்னிக்கவும், டிஎல் (டீம் லீடர்) பக்கத்தில் நின்றார், அவசரமாக எழுதிவிட்டேன். சேம் டே சர்ஜரி, ஃபெசிலிட்டி. 68 வயது, மெடிகேர் (அமெரிக்க அரசு இன்ஷூரன்ஸ்). வலது பக்கம் இங்குவினல் ஹெர்னியா (தொடை இடுக்கில் குடலிறக்கம்), ஓபன் ரிப்பேர் செய்ய வந்தார். ப்ரீ-ஆப்பில் பிபி 208/116. கால் மணி நேரம் கழித்து 204/112. ஈசிஜி எடுத்தார்கள். அனஸ்தீசியா டாக்டர் கேன்சல் செய்து, குடும்ப டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டார்.
நான் போட்டது: இசட்53.09, ஐ10 (ஹைப்பர்டென்ஷன்), கே40.90 (ஹெர்னியா). கூட 49505-73 (ஹெர்னியா ரிப்பேர், அனஸ்தீசியாவுக்கு முன் கேன்சல்).
ஆடிட்டர் மாற்றியது: கே40.90, இசட்53.09, ஐ10. கூட 49505-74 (அனஸ்தீசியாவுக்குப் பின் கேன்சல்).
பிபியால்தானே நின்றது, அப்புறம் எப்படி ஹெர்னியா முதலில் வரும்?

மலைக்கோட்டை_சிபிசி – 6.06
சீக்வென்சிங் உங்கள் தப்புதான், அதில் சண்டைக்குப் போகாதீர்கள். சர்ஜரிக்கு என்று வந்தால், சர்ஜரி எதற்காகவோ அதுதான் முதல் டயக்னோசிஸ். கான்ட்ராஇண்டிகேஷன் வந்து நின்றுபோனாலும் அதேதான் என்று கைட்லைன் சொல்கிறது. அவர் வீட்டிலிருந்து கிளம்பியது ஹெர்னியாவுக்கு, பிபிக்கு இல்லை. ஏன் நடக்கவில்லை என்று சொல்வது மட்டும்தான் 53.09-இன் வேலை. இன்பேஷண்டிலும் இதே கதைதான்: திட்டமிட்ட ட்ரீட்மெண்ட் நடக்காவிட்டாலும் எதற்காக அட்மிட் ஆனாரோ அதுதான் பிரின்சிபல்.
இன்னொன்று, ஹெச் அண்ட் பி-யில் (ஹிஸ்டரி, பரிசோதனைக் குறிப்பு) ஹைப்பர்டென்ஷன் என்று டாக்டர் எழுதியிருக்கிறாரா? வெறும் ரீடிங்கைப் பார்த்து ஐ10 போட்டால் அது வேறு எரர். டயக்னோசிஸ் இல்லாமல் 'பிபி எலிவேட்டட்' மட்டும் இருந்தால் ஆர்03.0. 'ஹைப்பர்டென்சிவ் அர்ஜென்சி' என்று அவர்களே எழுதியிருந்தால்தான் ஐ16.0.

நைட்ஷிஃப்ட்_நந்து – 6.11
ஹைப்பர்டென்ஷன் இருக்கிறது அக்கா, லிசினோப்ரில் (பிபி மாத்திரை) சாப்பிடுகிறார். 'இன்று காலை மாத்திரை போடவில்லை' என்று நர்ஸ் எழுதியிருக்கிறார். அர்ஜென்சி என்று எங்கேயும் இல்லை.

பிஃபார்ம்_டூ_கோடிங் – 6.15
ஆஹா, அதைச் சொல்லவே இல்லையே! மாத்திரை போடவில்லை என்றால் அண்டர்டோசிங். டி46.4எக்ஸ்6ஏ, கூடவே இசட்91 வரிசையில் காரணத்துக்கு ஒரு கோடு. ஆடிட்டரே விட்டுவிட்டார். ரீபட்டலில் இதைப் போடுங்கள், அசந்துவிடுவார்கள்.

மலைக்கோட்டை_சிபிசி – 6.22
கொஞ்சம் பொறுங்கள். அண்டர்டோசிங் என்பது டாக்டர் சொன்னதைவிடக் குறைவாக எடுப்பது. லிசினோப்ரில் மாதிரி ஏஸ் இன்ஹிபிட்டரை சர்ஜரி அன்று காலை நிறுத்தச் சொல்வது பல இடங்களில் வழக்கம், மயக்க மருந்தோடு சேர்ந்தால் பிபி இறங்கிவிடும் என்று. நந்து, ப்ரீ-ஆப் இன்ஸ்ட்ரக்‌ஷன் ஷீட் இருக்கிறதா பாருங்கள்.

நைட்ஷிஃப்ட்_நந்து – 6.29
இருக்கிறது. 'சர்ஜரி அன்று காலை லிசினோப்ரில் வேண்டாம்' என்று டிக் போட்டிருக்கிறார்கள்.

பிஃபார்ம்_டூ_கோடிங் – 6.30
சரி சரி, வாபஸ்.

எம்ஆர்டி_மேசை – 6.37
நான் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி ரெக்கார்ட் செக்‌ஷனில் இருக்கிறேன். எங்கள் ஐசிடி-10 புத்தகத்தில் இசட்53.09 என்று ஒரு கோடே இல்லையே? 53.0, 53.1, 53.2, 53.8, 53.9 மட்டும்தான். எல்லோரும் இல்லாத கோடை வைத்துச் சண்டை போடுகிறீர்களா?

வி64_அண்ணாச்சி – 6.44
இதுதான் பிரச்சினை. உங்களுடையது உலக சுகாதார நிறுவனத்தின் புத்தகம். இங்கே பேசுவது அமெரிக்காவின் சிஎம் பதிப்பு, அங்கே 2015 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஐந்தாவது எழுத்து அவர்கள் சேர்த்தது. அடிப்படை தெரியாமல் வந்து குழப்பாதீர்கள்.

எம்ஆர்டி_மேசை – 6.52
தெரியாமல்தான் கேட்டேன், அதற்கு ஏன் சார் கோபம்? நாங்களும் இங்கே இதே வேலைதான் செய்கிறோம். ஆபரேஷனுக்கு வந்தவர் காபி குடித்துவிட்டு வந்தார், திருப்பி அனுப்பினோம், எழுத வேண்டியிருக்கிறது. டாலர் வரவில்லை என்பதால் எங்கள் கோடு கோடு இல்லையா?

இடி_கோடர்_கோவை – 6.55
காபி குடித்து வந்தால் சிஎம்மில் 53.09-ஆ 53.8-ஆ (வேறு காரணங்கள்)? எங்கள் டீமில் இதற்கே தனியாக ஒரு சண்டை நடந்தது.

எம்ஆர்டி_மேசை – 6.58
எங்களுக்கு அந்தச் சண்டையும் இருக்கிறது, சம்பளம்தான் இல்லை.

வி64_அண்ணாச்சி – 7.03
மாடிஃபையருக்கு வருவோம். மிடாசோலம் (செடேஷன் ஊசி) கொடுத்தார்களா? கொடுத்திருந்தால் 74-தான். மாடரேட் செடேஷனும் அனஸ்தீசியாதான் என்று மெடிகேர் வரையறையே சொல்கிறது. ஆடிட்டர் போட்டது சரி. பேசாமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

நைட்ஷிஃப்ட்_நந்து – 7.10
மிடாசோலம் 2 மி.கி., ஹோல்டிங்கில் (சர்ஜரி அறைக்கு முன் காத்திருக்கும் இடம்), 8.02-க்கு. பேஷண்ட் பயப்படுகிறார் என்று எழுதியிருக்கிறது.

மலைக்கோட்டை_சிபிசி – 7.21
அண்ணாச்சி, பயத்துக்கு ஹோல்டிங்கில் போட்ட ஊசி ப்ரீமெடிகேஷன், சர்ஜரிக்கான அனஸ்தீசியா இல்லை. 73-இன் விளக்கத்தைப் படியுங்கள்: செடேஷன் கொடுத்திருந்தால் அதையும் தயாரிப்பிலேயே சேர்த்துச் சொல்கிறது. அதே வரியில் இன்னொன்றும் இருக்கிறது, சர்ஜரி நடக்கவிருந்த அறைக்குள் பேஷண்டைக் கொண்டு போயிருக்க வேண்டும். 74-க்கு முழுப் பணம், 73-க்குப் பாதி. இல்லாததற்கு 74 போட்டால் மெடிகேர் பணத்தைத் திருப்பிக் கேட்கும்.
நந்து, நர்ஸிங் லாகில் 'இன் ரூம்' நேரம் என்ன?

நைட்ஷிஃப்ட்_நந்து – 7.34
7.42 ஹோல்டிங். 7.55 ஐவி. 8.02 மிடாசோலம். 8.10 பிபி. 8.25 பிபி. 8.31 கேன்சல். 'இன் ரூம்' கட்டம் காலி. 9.05 டிஸ்சார்ஜ்.

மலைக்கோட்டை_சிபிசி – 7.38
அப்படியென்றால் 74-உம் இல்லை, 73-உம் இல்லை. ஓஆர் (ஆபரேஷன் தியேட்டர்) வாசலையே தாண்டவில்லை. 49505-ஐயே எடுத்துவிடுங்கள், ஈசிஜி மாதிரி உண்மையில் செய்தது மட்டும் பில்லில் நிற்கும். சீக்வென்சிங்கை ஒத்துக்கொண்டு, மாடிஃபையருக்கு மட்டும் எதிர்த்து எழுதுங்கள். அந்தக் காலிக் கட்டத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பேஷண்ட் பெயரை மறைத்துவிட்டு.

வி64_அண்ணாச்சி – 7.50
கிளையண்ட் தனிக் கைட்லைன் வைத்திருந்தால் அதையும் பார்க்க வேண்டும். இருக்கிறதா என்று யாரும் கேட்கவே இல்லை.

இடி_கோடர்_கோவை – 7.52
நீங்களும்தான் கேட்கவில்லை அண்ணாச்சி.

பிஃபார்ம்_டூ_கோடிங் – 8.47
நந்து, அனுப்பிவிட்டீர்களா?

மலைக்கோட்டை_சிபிசி – 9.15
நந்து?

நைட்ஷிஃப்ட்_நந்து – மறுநாள், மாலை 4.40
ஷிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கிறது, சுருக்கமாக: 74-ஐ எடுத்துவிட்டார்கள். ஆனால் 73-உம் தப்பு என்பதால் எரர் அப்படியே இருக்கிறது, பெயர்தான் மாறியிருக்கிறது. இப்போது 94.6. நன்றி அக்கா.