பழைய இரும்பைப் பளபளப்பாக்காதீர்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பித்தளையையும் எனாமல் பாத்திரங்களையும்தான் கேட்கிறார்கள். நான் தேடுவது கொல்லர் அடித்த இரும்பு: பாக்குவெட்டி, நாதாங்கி, கதவுக் கீல், ஊஞ்சல் சங்கிலி. வார்ப்பிரும்பிலிருந்து இதைப் பிரித்தறிவது எளிது. துரு ஆழமாக அரித்த இடத்தில் விறகைப் பிளந்தது போல நீளவாக்கில் இழை தெரியும். உருக்கும்போது தங்கிய கசடு, சம்மட்டி அடியில் நீண்டு இழையாகிவிடுகிறது.

அமிலம் இதற்குப் பகையாவது அந்த இழைகளால்தான். உறவினர் ஒருவர் தம் வீட்டு ஊஞ்சல் சங்கிலியைப் பாலிஷ் போடக் கொடுத்தார். கடைக்காரர் அதை அமிலத்தில் முக்கி, வெள்ளி போல் மின்னத் திருப்பித் தந்தார். அடுத்த மழைக்காலத்தில் கண்ணிக்குக் கண்ணி துரு. கசடு இழைகளின் ஓரமாக உள்ளே போன அமிலத்தைக் கழுவி எடுப்பது மிகவும் கடினம். சம்மட்டித் தடங்களும் மழுங்கிவிட்டன. அந்தச் சங்கிலியைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது.

தேவகோட்டைப் பக்கம் ஒரு முதிய ஆசாரியிடம் பாக்குவெட்டி ஒன்றைக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்தக் கறுப்பு அழுக்கில்லை, உலையில் வந்த தோல். செந்துருவை மட்டும் எடுங்கள்" என்றார். அன்றிலிருந்து அவர் வழிதான் எனக்கு. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மிக மெல்லிய இரும்புக் கம்பிப் பஞ்சால் தேய்த்து, துடைத்துக் காயவைத்து, கை பொறுக்கும் அளவுக்குச் சூடாக்கித் தேன்மெழுகு பூசுகிறேன். ஆறியதும் துணியால் தேய்த்தால் அடக்கமான கருமை வருகிறது. தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். பாக்கு வெட்டப் பயன்படுத்துகிற வெட்டிக்கு மட்டும் அதைத் தடவி, அவ்வப்போது துடைத்துவிடுகிறேன்.

தோல் முழுவதும் போய்ச் சிவந்துவிட்ட பொருளுக்குக் கடுக்காய் உதவுகிறது. இடித்துக் காய்ச்சிய கஷாயத்தைத் தூரிகையால் தடவினால், அதிலுள்ள டானின் துருவோடு சேர்ந்து நீலக்கறுப்பாகும். நல்ல தோல் உள்ள பொருளின் நிறத்தையும் இது மாற்றிவிடும் என்பதால் அங்கே நான் தொடுவதில்லை.

கடலோர இரும்பு தனி வகை. நாகப்பட்டினத்து வீட்டிலிருந்து வந்த ஒரு கீலில், சுத்தம் செய்த பிறகும் ஆரஞ்சு நிறத் துளிகள் அரும்பின. உள்ளே உப்பு இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். சலவைச் சோடா கரைத்த காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி, மிகப் பொறுமையாகத்தான் உப்பை வெளியேற்ற வேண்டியிருந்தது. மெழுகு அதற்குப் பிறகுதான்.

தில்லி இரும்புத் தூணைக் காட்டி, பழைய இரும்பு துருப்பிடிக்காது என்று சிலர் வாதிடுகிறார்கள். 7 மீட்டர் உயரமுள்ள அந்தத் தூணைக் காப்பதில் இரும்பிலுள்ள பாஸ்பரஸுக்குப் பெரும்பங்கு உண்டு. தில்லியின் வறண்ட காற்றும் துணை நிற்கிறது. நம் வீட்டுக் கீலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இறுகிப்போன பாக்குவெட்டியின் ஆணியைத் தயவுசெய்து தட்டிக் கழற்றாதீர்கள். தையல் இயந்திர எண்ணெயை ஒரு சொட்டு விட்டு ஓர் இரவு வையுங்கள். அசையாவிட்டால் மறுநாளும் ஒரு சொட்டு விடுங்கள்.