மெக்னீசியம் ஒப்பு அணு நிறை: எனக்கு ஏன் 30.79 வருது?

கேள்வி (பிளஸ் ஒன் மாணவி, கோத்தகிரி):
மெக்னீசியத்தோட நிறை நிறமாலையில (எந்த நிறையுள்ள அணு எவ்வளவு இருக்குன்னு காட்டுற வரைபடம்) மூணு உச்சி. 24-ல உயரம் 100, 25-ல 12.66, 26-ல 13.94. பெருக்கிக் கூட்டினா 3078.94. நூறால வகுத்தா 30.79. அட்டவணையில 24.305-னு இருக்கு. எங்க தப்பு சார்?

பதில் (குன்னூர்):
பெருக்கினது, கூட்டினது சரிதாம்மா. வகுத்த எண்தான் தப்பு. அந்த 100 சதவீதம் இல்ல. ஆக உயரமான உச்சியை 100-னு வச்சு மத்ததை அதுக்கு ஒப்பிட்டுக் கொடுத்திருக்காங்க. உயரங்களைக் கூட்டு: 126.60. 3078.94 ÷ 126.60 = 24.32.

தேயிலைக் கொழுந்து மூட்டையா நினைச்சுக்கோ. அந்த உயரங்களோட அதே விகிதத்துல 24 கிலோ மூட்டை 79, 25 கிலோ 10, 26 கிலோ 11. மொத்தம் 2432 கிலோ, மூட்டை 100, ஆக ஒண்ணுக்கு 24.32. இருக்கிற மூட்டையை எண்ணாம வகுத்தா இல்லாத எடை ஏறிடும். (அந்தக் கொழுந்தோட பச்சையத்துக்கு நடுவுல இருக்கிறதும் இதே மெக்னீசியம்தான்.)

விடை எப்பவும் ஆக லேசான ஐசோடோப்புக்கும் (ஒரே தனிமத்தோட வேற வேற நிறையுள்ள அணு) ஆகக் கனமானதுக்கும் நடுவுலதான் விழும். 30.79 வந்ததுமே, 26-ஐத் தாண்டிடுச்சேன்னு பேனாவை நிறுத்தணும்.

பதில் (உதகை):
பெரிய பெருக்கலே வேண்டாம். 24-க்கு மேல உள்ள மிச்சத்தை மட்டும் எடு: (12.66 × 1 + 13.94 × 2) ÷ 126.60 = 0.32. அதை 24-ஓட சேர்த்துடு. அலகு எதுவும் போடாதே.

மாணவி:
நன்றி சார். ஆனா 24.305 வரலையே?

பதில் (குன்னூர்):
நீ போட்டது நிறை எண்; அது புரோட்டான், நியூட்ரான் எண்ணிக்கை மட்டும்தான். உண்மை நிறை 23.985, 24.986, 25.983. சதவீதம் 78.99, 10.00, 11.01. அப்போ 18.9458 + 2.4986 + 2.8607 = 24.3051. நடுவுல மூணு தசமத்துக்குச் சுருக்கினா 24.306 ஆயிடும், கடைசியில மட்டும் சுருக்கு.

பதில் (கொடைக்கானல்):
சராசரியிலிருந்து சதவீதம் கண்டுபிடிக்கிற தலைகீழ்க் கணக்குலதான் இந்த நிறை எண் வித்தியாசம் நிஜமா அடிக்கும். குளோரினோட ஒப்பு அணு நிறை 35.453; ஐசோடோப்பு 35, 37 ரெண்டுதான்னா, குளோரின்-37 எத்தனை சதவீதம்? நிறை எண்ணை வச்சா 0.453 ÷ 2, அதாவது 22.65%. உண்மை நிறையை வச்சா (35.453 − 34.969) ÷ (36.966 − 34.969) = 0.484 ÷ 1.997, அதாவது 24.24%. கழிச்சு மிஞ்சுறது அரையளவுதான், அதுல 0.03 பிசகினாலே ஒன்றரை சதவீதம் போயிடுது. கேள்வியில தசம நிறை கொடுத்திருந்தா அதையேதான் போடணும்.