வால்வு ஆம்ப் ஹம்முக்கு எர்த் குழியா தோண்டுவாங்க?

தொப்பூர் டிரையோடு: "ஹம் அடிச்சா முதல்ல வீட்டு எர்த் குழியில உப்பும் கரியும் போட்டுத் தண்ணி ஊத்து, பாதி நின்னுடும்" என்று கல்மலை அண்ணன் நேற்று எழுதியிருக்கிறார். ஆம்ப் கட்டுறவன் இனி கடப்பாரையும் வாங்கணும் போல. ஹம், அதாவது ஸ்பீக்கரில் வர்ற 'ம்ம்' சத்தம், பிறக்கிறது ஆம்போட உலோகப் பெட்டியான சேசிஸுக்குள்ளே.

கல்மலை: கிருஷ்ணகிரி பக்கம் பாறை பூமி தம்பி. எர்த் லேசில் பிடிக்காது. தர்மபுரியில உட்கார்ந்துகிட்டுப் பேசாதே.

தொப்பூர் டிரையோடு: அது தருமபுரி. முதல்ல வால்யூமைச் சுத்தமாகக் குறைங்க. சத்தம் அப்படியே இருந்தால் கோளாறு வால்யூமுக்குப் பின்னால். ஆஃப் செய்துவிட்டு முன்கட்ட வால்வான ஈசிசி83-ஐக் கழற்றி வைத்துவிட்டு, மறுபடி ஆன் செய்து கேளுங்க. நின்றால் அந்தக் கட்டம். நிற்காவிட்டால் அவுட்புட் வால்வான ஈஎல்84 அல்லது பவர் சப்ளை. மொழுமொழு ஹம் 50 ஹெர்ட்ஸ், வால்வைச் சூடாக்குற ஹீட்டரோ கிரவுண்டு லூப்போ (கிரவுண்டு இரண்டு வழியாகச் சுத்துறது). கரகரன்னு வந்தால் 100 ஹெர்ட்ஸ், ஏசியை டிசி ஆக்குற ரெக்டிஃபையர் பக்கம். இதில் உப்பு எங்கே வருது?

ஓசூர் ஈயம்: ஹீட்டருக்கான 6.3 வோல்ட் வைண்டிங்கில் சென்டர் டேப் (நடு முனை) இல்லையா? 100 ஓம் அரை வாட் ரெசிஸ்டர் இரண்டு, முனைக்கு ஒன்று, மறுமுனை எர்த்துக்கு. ஈசிசி83-ல் 4, 5 பின்னைச் சேர்த்து ஒரு ஒயர், 9-ல் மற்றது. இரண்டையும் இறுக்க முறுக்கி சேசிஸ் மூலையோடு ஓட்டணும்.

கல்மலை: பார்த்தியா, "எர்த்துக்கு"! ஈயமே சொல்லிட்டான்.

தொப்பூர் டிரையோடு: சேசிஸுக்குப் போகுது, சேந்துகிணத்துக்கு இல்லை! கரகர எதனால தெரியுமா? ஹெச்டி (உயர் வோல்ட்) வைண்டிங்கின் சென்டர் டேப்பை ஒரு போல்ட்டிலும் முதல் ஃபில்டர் கெப்பாசிட்டர் நெகட்டிவை வேறொரு போல்ட்டிலும் கட்டுறதால. சார்ஜிங் கரண்ட் துடிதுடிப்பாக சேசிஸ் தகடு வழியாகவே ஓடும். கெப்பாசிட்டரை 47 மைக்ரோஃபாரடிலிருந்து 100 ஆக்கினாலும் போகாது. ரெக்டிஃபையர் வால்வு ஈஇசட்81 போட்டிருந்தால் 50-க்கு மேல் முதல் கெப்பாசிட்டரே கூடாது, வால்வு போயிடும். டேப்பை நேரே அந்த நெகட்டிவில் கட்டி, அங்கிருந்து ஒரே ஒயர் ஸ்டாருக்கு, அதாவது எல்லா கிரவுண்டும் சேர்ற ஒரே புள்ளிக்கு. தொடுறதுக்கு முன்னால 1 கிலோ ஓம் 10 வாட் ரெசிஸ்டர் வைத்துக் கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் பாருங்க.

ஓசூர் ஈயம்: போன ஆனியில் ஸ்டார் கிரவுண்டு பற்றி நான் எழுதினப்போ சிரிச்சவர் யாரோ?

தொப்பூர் டிரையோடு: நீங்க அப்போ இன்புட் சாக்கெட்டுக்கு ஃபைபர் வாஷர் போடாமல் நேரே சேசிஸில் முறுக்கினீங்க. அதுக்குச் சிரிச்சேன். இப்பவும் சிரிப்பேன்.

மாம்பழ ஸ்பீக்கர்: எனக்கு லேப்டாப் மாட்டினால்தான் ஹம். ஆம்ப் பிளக்கில் எர்த் பின்னை வெட்டிட்டால் நின்னுடுது. எதுக்கு இவ்வளவு சண்டை?

தொப்பூர் டிரையோடு: வெட்டாதீங்க! எர்த் இல்லாமல் மெயின்ஸ் லைவ் சேசிஸில் பட்டால் ஃபியூஸ் போகாது, தொட்டவன் போவான். லேப்டாப்புக்கும் ஆம்புக்கும் நடுவில் 1:1 ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்க. எர்த் உயிருக்கு, ஹம்முக்கு இல்லை.

கல்மலை: ஆக எர்த் வேணும்னு நீயே ஒத்துக்கிட்டே.

தொப்பூர் டிரையோடு: எங்கே ஒத்துக்கிட்டேன்? மறுபடி படிங்க.

கல்மலை: படிச்சாச்சு. குழிக்குத் தண்ணி ஊத்தினியா இல்லையா, அதைச் சொல்லு.